ஒளித்து வைத்த அரை விநாடி

"நெசமாவே மெதுவாப் போச்சா, இல்ல மெதுவாப் போற மாதிரிப் போச்சா கண்ணு?"

"அத ஏனுங்க எங்கிட்டக் கேக்கறீங்க?"

"பின்ன யார்கிட்டக் கேக்கறது? வண்டிக்குள்ள உக்காந்திருந்தது நீயா, நானா?"

"வண்டியச் செஞ்சது நானா?"

"செஞ்ச மனுசன் எங்க போய்த் தொலைஞ்சான்?"

"டயருக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டுட்டு இருக்கறது யாருங்க?"

மாட்டிக்கொண்ட மகுடீஸ்வரன் டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நொய்யல் பந்தய அணியின் தலைமைப் பொறியாளர் அவர்தான். அந்த வண்டியை முதல் கோட்டிலிருந்து கடைசி மரை வரை செய்தவர். கத்திக்கொண்டிருந்தவர் அணியின் முதலாளி நாச்சிமுத்து. மோட்டார் பம்ப் செய்து பெரிய ஆளானவர். பதிலுக்குக் கத்தியது ஓட்டுநர் ரித்விகா. இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். தலைக்கவசம் இன்னும் கையிலேயே இருந்தது.

இந்தச் சண்டையில் ஒரு வாக்கியம்கூட முற்றுப்புள்ளியில் முடியவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று பேர் மணிக்கட்டிலும் மெய்ப்பட்டை இருந்ததுதான் காரணம்.

மெய்ப்பட்டை வந்த கதையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. ஆசியப் பெருவேகத் தொடரில் பத்து அணிகள். பருவம் தொடங்குவதற்கு முன்னால் மூன்று நாள் சோதனை ஓட்டம் நடக்கும். இந்த வருடம் பல்லடம் சாலையில் இருக்கும் புதிய பந்தயத் தளத்தில் நடந்தது. ஒரு காலத்தில் இந்த மூன்று நாளும் எதற்கு இருந்தது என்றால், புது வண்டியை ஓட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்து, சரி செய்துகொள்வதற்கு. அவ்வளவுதான்.

பிறகு சமநிலை விதி வந்தது. வருடம் முழுக்க ஒரே அணி ஜெயித்துப் பார்ப்பவர்கள் கொட்டாவி விட்டதால், சோதனையில் வேகமாக ஓடும் வண்டிக்கு ஈயத்தால் ஆன எடைக்கட்டியை ஏற்றிவிடுவது என்று சங்கம் முடிவு செய்தது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். அடுத்த வருடச் சோதனையில் பத்து வண்டியும் ஊர்ந்தன. தளத்துக்குத் தண்ணீர் தெளிக்க வந்த லாரி ஒன்று இரண்டு பந்தய வண்டிகளைத் தாண்டிப் போனது. ஓர் ஓட்டுநர் வளைவில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பார்வையாளர்களுக்கு டாட்டா காட்டினார். இதற்குப் பந்தயக்காரர்கள் வைத்த பெயர் பம்முதல்.

சங்கம் விடவில்லை. வண்டி முழுக்க உணரிகளைப் பொருத்தியது. அணிகள் உணரிகளுக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தன. கடைசியில் சங்கம் வெறுத்துப்போய் உணரிகள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, முடிவுக்கோட்டில் ஒரு நேரங்காட்டியை மட்டும் வைத்தது. இனிமேல் மனிதர்களைத்தான் நம்பப் போகிறோம் என்று அறிவித்தது. நம்புவதற்கு வசதியாக ஒவ்வொரு மனிதர் கையிலும் ஒரு மெய்ப்பட்டையைக் கட்டியது.

பார்க்கச் சாதாரண வளையல் மாதிரிதான் இருக்கும். தோலின் ஈரம், நாடி, குரலின் நடுக்கம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும். கட்டியிருப்பவர் பொய் என்று தான் நினைக்கும் ஒன்றைச் சொன்னால் சிவந்து, மிதிபட்ட கோழிக்குஞ்சு மாதிரி கத்தும். பந்தயத்துக்கு என்று செய்தது, மூன்றே வருடத்தில் ஊரெல்லாம் பரவிவிட்டது. வங்கியில் கட்டினார்கள். கோர்ட்டில் கட்டினார்கள். பெண் பார்க்கப் போகும்போது இரண்டு வீட்டாரும் கட்டிக்கொண்டதில் அந்த வருடம் கோயமுத்தூரில் பாதிக் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடந்தன.

ஆனால் பட்டைக்கு ஒரு பலவீனம் இருந்தது. கேள்வியை அதனால் எடைபோட முடியாது. "சாப்பிட்டேன்" என்றால் மெய்யா பொய்யா என்று பார்க்கலாம். "சாப்பிடாம இருப்பனா?" என்றால் என்ன செய்யும்? அதுவும் பேசாமல் இருந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தரவேண்டிய விஷயமே இல்லை. பிறந்ததிலிருந்து பாதிப் பதிலைக் கேள்வியாகத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். சோதனை வாரம் முழுக்கப் பட்டை பேச்சைப் பதிவும் செய்யும் என்பதால் உண்மையைச் சொல்வதும் ஆபத்து, பொய்யைச் சொல்வதும் ஆபத்து. ஆகவே அந்த வாரத்தில் பத்துப் பணிமனைகளிலும் கேள்வியைத் தவிர வேறு சத்தமே கேட்காது.

"ஏனப்பா மகுடு, எல்லாங் கேட்டுட்டுத்தான் நின்னியா?" என்றார் நாச்சிமுத்து.

"கேக்காம காதைக் கழட்டி வெக்க முடியுங்களா?"

"சாயந்தரம் அந்தம்மா கேக்கறப்ப என்ன சொல்லுவ?"

விஷயம் அந்தச் சாயந்தரத்தில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை சங்கத்தின் அதிகாரி ஒவ்வொரு அணியின் தலைமைப் பொறியாளரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: மூன்று நாளும் ஓடியது உங்கள் வண்டியின் முழு வேகம்தானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் ஒரு தடவைதான் கேட்பார்கள். "இல்லை" என்றால் எடைக்கட்டி. "ஆமாம்" என்று சொல்லிப் பட்டை கத்தினால் இரட்டை எடைக்கட்டி. சொன்னவர் பெயரில் சிவப்புக் குறி வேறு. சிவப்புக் குறி விழுந்தவர், சங்கமாகப் பார்த்து அதை நீக்கும் வரை, எந்த அணியின் பணிமனைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது.

நொய்யல் அணி போன வருடம் ஒன்பதாவது. இந்த வருடம் கடைசியாக வரும் அணியைத் தொடரை விட்டே அனுப்பிவிடுவதாகச் சங்கம் சொல்லிவிட்டது. அப்படி நடந்தால் பணிமனையை பம்ப் குடோன் ஆக்கிவிடுவதாக நாச்சிமுத்துவும் சொல்லிவிட்டார். மற்ற அணிகளின் மின்கலம் பெரியது. ஓர் எடைக்கட்டி ஏறினாலே நொய்யல் கடைசிதான், இரண்டு ஏறினால் கேட்கவே வேண்டாம்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல வண்டி மகுடீஸ்வரன் கையில் அமைந்திருந்தது. அடியில் காற்று ஓடுவதற்கு அவர் வளைத்து வைத்திருந்த காற்றுத்தட்டு ஒன்று போதும், வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு வளையும். அவர் கணக்குப்படி நேரங்காட்டி காட்டியதைவிட அது சுற்றுக்கு அரை விநாடி வேகமாக ஓட வேண்டும். ஓடவில்லை. அதாவது அந்த அரை விநாடியை ரித்விகா அழகாகக் காலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். வெளியே யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், சாயந்தரம் கேள்வி கேட்கப்போவதும் அவரிடம்தான்.

ஒரு மாதமாக வீட்டில் மனைவியை எதிரில் உட்கார வைத்துப் பழகியிருந்தார். மூச்சை அடக்கி, மனசைக் காலியாக்கி, "உங்க தம்பி மாதிரி ஒரு தங்கமான ஆளப் பார்க்க முடியாது" என்பார். பட்டை கத்தும். மறுபடி. கத்தும். மாதக் கடைசியில் பத்துக்கு ஒரு தடவை கத்தாமல் இருந்தது. அந்த ஒரு தடவையைக் கேட்டு மனைவி சந்தோஷப்பட்டதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது.

ரித்விகாவிடம் அவர் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. முதல் நாள் காலையில் அவள் இருக்கையில் ஏறும்போது குனிந்து, "கடைசி வளைவுல அத்தன சீக்கிரமா அமுக்கித்தான் ஆகணுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"அமுக்காம?" என்றாள் அவள்.

கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மதியம் அவள் இறங்கி வந்து, பத்தடி தூரத்தில் பக்கத்து அணிக்காரன் வடை தின்றுகொண்டு நிற்கும்போது, "அண்ணா, பின்னாடி இப்பிடித்தான் ஆடுமுங்களா?" என்று கேட்டாள்.

மகுடீஸ்வரனுக்குப் புல்லரித்துவிட்டது. என்ன நடிப்பு! வண்டி மெதுவாகப் போவதற்குக் காரணத்தையும் அவளே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள், அதுவும் எதிராளி காதில் விழுகிற மாதிரி!

"ஆடாம இருக்குமா?" என்றார் உரக்க.

"இத்தன ஆடலாமுங்களா?"

"ஏன், ஆடுனா நல்லதில்லையா?" என்று ஒரு கண்ணையும் சிமிட்டினார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி போய் வண்டியில் ஏறினாள்.

அப்படியாக மூன்றாம் நாள் மாலை வந்தது.

சங்க அதிகாரி பிலோமினா தூத்துக்குடிக்காரர். ஐந்து வருடமாக இதே வேலை. கையில் ஒரு குடை, இடுப்பில் பட்டைகளின் ஒலியை உறுதி செய்யும் கருவி. வந்ததும் மகுடீஸ்வரனை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"கையக் காட்டுங்க சார். ஒரே கேள்விதான். ஆமா, இல்ல. திருப்பிக் கேள்வி கேட்டியன்னா அதையும் பொய்க் கணக்குலதான் எழுதுவேன், சரியா?"

"சரிங்."

"தண்ணி கிண்ணி குடிக்கியளா?"

"வேண்டாமுங்."

பட்டை லேசாகக் கனைத்தது. தொண்டை காய்ந்துபோயிருந்தது அதற்கும் தெரிந்துவிட்டது. பிலோமினா ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். குடித்தார்.

"மூணு நாளும் ஓடுனது உங்க வண்டியோட முழு வேகம்தானா?"

மகுடீஸ்வரன் கண்ணை மூடினார். மூச்சை அடக்கினார். ஒரு மாதம் பழகிய மாதிரியே மனசைக் காலியாக்கினார். காலியான மனசுக்குள் அவருடைய வண்டி வந்து நின்றது, அரை விநாடியோடு.

"ஆமாங்க. இதுதான் முழு வேகம்."

நாச்சிமுத்து கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்குவதற்குள் பட்டை கத்தியது. சும்மா கத்தவில்லை, தளத்தின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. ஐந்தாவது பணிமனையிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

"இரட்டை எடை. பெயரில் சிவப்புக் குறி," என்று பிலோமினா கருவியில் பதிந்துகொண்டார். "மனசுல வெச்சுக்காதிய சார். இன்னிக்கு நீங்க மூணாவது ஆளு." எல்லார் கையிலிருந்தும் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பணிமனைக்குப் போனார்.

பட்டை போனதும் அணிக்காரர்களுக்குள் மூன்று நாளில் முதல் தடவையாகக் கேள்வி அல்லாத ஒரு வாக்கியம் கேட்டது. சொன்னது ரித்விகா.

"அண்ணா, என்னால அத்தனதான் ஓட்ட முடிஞ்சுது."

"அத்தனதான்னா?"

"மூணு நாளும் அமுக்குன கால எடுக்கவே இல்லீங்ணா. வளைவுல பின்னாடி அந்த ஆட்டம் ஆடுது, நானும் உசுரக் கையில புடிச்சுட்டு ஓட்டுனேன்."

மகுடீஸ்வரன் ஸ்டூலை விட்டு எழுந்தார். "நீ பம்மலையா?"

"நானா? நீங்க வண்டிக்குள்ள ஏதோ பண்ணிப் பம்ம வெச்சிருக்கீங்கன்னுதான நான் நெனச்சேன்? ஆடுனா நல்லதில்லையான்னு கேட்டுக் கண்ணடிச்சீங்களே!"

"நான் ஒண்ணுமே பண்ணல கண்ணு!"

நாச்சிமுத்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பம்முனது யாரு?"

யாரும் பம்மவில்லை. மகுடீஸ்வரன் வண்டிக்கு அடியில் படுத்து விளக்கை அடித்துப் பார்த்தார். அவருடைய செல்லக் காற்றுத்தட்டில், இடது பக்கம் மூன்றாவது மரை இருக்கும் இடத்தில், நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அரை விநாடி அந்த வழியாகத்தான் ஒழுகிப் போயிருக்கிறது. முதல் நாளே அவள் "பின்னாடி ஆடுது" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மாற்றியிருப்பார்.

"இல்லாத ஒண்ண ஒளிச்சு வெக்கறதுக்கா மூணு நாளா நான் வாயைக் கட்டிட்டு இருந்தேன்?" என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குள் மகுடீஸ்வரன் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார். பிலோமினாவை எட்டாவது பணிமனை வாசலில் பிடித்தார். நாச்சிமுத்துவும் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தார்.

"மேடம்! நான் சொன்னது நெசமுங்க! அதுதான் முழு வேகம்! வேணுமுன்னா மறுபடி பட்டையக் கட்டிப் பாருங்க!"

பிலோமினாவுக்கும் ஆவல் வந்துவிட்டது போல. ஒரு பட்டையை எடுத்துக் கட்டினார். "இப்ப சொல்லுங்க."

"நான் சொன்னது நெசம்."

பட்டை கத்தவில்லை.

"சொல்லும்போது நெசம்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

கத்தவில்லை.

"பொய்னு நெனச்சுத்தான சொன்னிய?"

"ஆமாங்க."

அதற்கும் கத்தவில்லை.

பிலோமினா குடையை ஊன்றி நின்றுவிட்டார். "அப்போ பொய்யச் சொல்லக் கெளம்பி, கை தவறி உண்மையப் போட்டுட்டிய. அஞ்சு வருசமா இந்த வேலையில எத்தனையோ பொய்யப் பாத்துட்டேன் சார். உண்மையச் சொல்லிப் பொய்யில மாட்டுன மொத ஆளு நீங்கதான்."

"அப்ப எடையத் தூக்கிருவீங்களா?"

"அது எப்படி? வண்டிக்கா பட்டை கட்டுனோம்? உங்களுக்குத்தான கட்டுனோம்? வண்டி பொய் சொல்லல. நீங்க சொன்னிய."

"ஆனா நான் சொன்னது..."

"நெசம். தெரியும். விதியில அதுக்குக் கட்டம் இல்ல சார். வேணும்னா சங்கத்துக்கு மனுப் போடுங்க."

இத்தனை நேரம் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்து நிமிர்ந்தார். "ஏம்மா, ஒரு சந்தேகம். இந்தத் தலைமைப் பொறியாளர் திடீர்னு செத்துப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

மகுடீஸ்வரன் திடுக்கிட்டு முதலாளியைப் பார்த்தார்.

"புதுசா ஒருத்தரப் போடலாம்," என்றார் பிலோமினா. "அவருட்ட புதுசாக் கேள்வி கேப்போம். அந்தப் பதில்தான் கணக்கு."

"செத்தே ஆகணுமா?"

"இல்ல, நீக்குனாலும் போதும்."

"புதுசா வர்றவருக்குப் படிப்பு ஏதாச்சும் வேணுமா?"

பிலோமினா கருவியைத் தட்டி விதிகளைப் புரட்டினார். முன்னும் பின்னும் இரண்டு தடவை தேடினார். "படிப்பப் பத்தி ஒண்ணும் போடலியே!"

நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார். "கட்டும்மா."

நடந்தது இதுதான். கேள்வியைக் கேட்டார்கள். "ஆமாங் கண்ணு, இதுக்கு மேல அது போகவே போகாது" என்று நாச்சிமுத்து அடித்துச் சொன்னார். பட்டை தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது. அவர் பொய் சொல்லவே இல்லை. யாரும் பம்மவில்லை என்பதைச் சற்று முன்புதான் காதால் கேட்டிருந்தார். அதைத் தவிர வண்டியைப் பற்றி நம்புவதற்கோ சந்தேகப்படுவதற்கோ அவருக்கு எதுவும் தெரியாது. இரட்டை எடை ஒரே நிமிடத்தில் கழன்றது.

சிவப்புக் குறி மட்டும் கழலவில்லை. அது அணியின் பெயரில் இல்லை, மகுடீஸ்வரன் பெயரில் இருந்தது.

பணிமனை வாசலில் இரண்டு காவலர்கள் கயிற்றைக் கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மகுடீஸ்வரன். அந்தப் பக்கம் அவர் வண்டி. உள்ளே ரித்விகாவும் மற்றவர்களும் காற்றுத்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் மூணாவது மரை!" என்று அவர் கயிற்றின் மேல் எக்கிக் கத்தினார். "விரிசல ஒட்டாத, தட்டையே மாத்து! மரைய முழுசா இறுக்காத, கால் திருகு விட்டுரு, சூட்டுல விரியும்! ஆடுனா உடனே சொல்லோணும் கண்ணு! இப்பிடித்தான் ஆடுமான்னு கேக்கக் கூடாது, ஆடுதுன்னு சொல்லோணும்!"

"சரிங்ணா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஐயா, கேள்வியாக் கேட்டாத்தான் நாங்க சும்மா விடுவோம். குறி விழுந்தவங்க உள்ள இருக்கறவங்களுக்கு உத்தரவு போடக் கூடாதுங்க," என்று ஒரு காவலர் தயங்கிக்கொண்டே சொன்னார். மகுடீஸ்வரன் கயிற்றை விட்டு நகர்ந்தார்.

முதல் பந்தயத்திலேயே நொய்யல் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு வளைந்தது. எடையும் இல்லை, விரிசலும் இல்லை. பருவம் முடியும்போது ஐந்தாம் இடம். தொடரை விட்டுப் போனது வேறு ஓர் அணி. பணிமனை பணிமனையாகவே இருந்தது.

மற்ற அணிகள் சும்மா இருக்குமா? விஷயம் வெளியே கசிந்ததும், அடுத்த வருடச் சோதனைக்கு முன்னாலேயே எட்டு அணிகளும் தலைமைப் பொறியாளர்களை மாற்றிவிட்டன. ஓர் அணியில் முதலாளியின் மச்சான். திருப்பூரில் பனியன் கடை வைத்திருப்பவர். இன்னோர் அணி ஒரு நாதஸ்வர வித்வானைப் போட்டது. முழு வேகம்தானா என்று கேட்டதற்கு, இதற்கு மேல் வாசித்தால் கேட்கிறவர்களுக்குத்தான் சிரமம் என்று மனதாரச் சொன்னாராம். பட்டைக்குப் பரம திருப்தி. "தலைமைப் பொறியாளர் தேவை, வாகன அறிவு உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று விளம்பரமே வந்தது. புது ஆட்களுக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று அனுப்பிவிட்டதால், வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களுக்குச் சைகை காட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

மகுடீஸ்வரன் இப்போது நாச்சிமுத்துவின் பம்ப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறார். முதலாளி நல்ல மனிதர், கைவிடவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே தொலைக்காட்சியில் நாச்சிமுத்துவின் பேட்டி ஓடியது. பேட்டி கொடுப்பவர்களுக்கு மெய்ப்பட்டை கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

"இந்த வண்டியோட ரகசியம் என்னங்க?" என்று கேட்டாள் பேட்டி எடுத்த பெண்.

நாச்சிமுத்து நிதானமாக யோசித்தார். "அந்தக் காற்றுத்தட்டுதானுங்க. கோடு கோடாப் போட்டு, அழிச்சு, மறுபடி போட்டு, ராப்பகலா நான் உக்காந்து செஞ்சது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரையில் தெரிந்த அவர் மணிக்கட்டையே பார்த்தார்கள். பட்டை கத்தவில்லை. ஒரு சின்னக் கனைப்புகூட இல்லை.

அன்று ரித்விகா தொலைபேசியில் கூப்பிட்டாள். "பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் கண்ணு."

"அவரு ஏமாத்தலீங்ணா. கேட்டுப் பாத்துட்டேன். நெசமாவே தான் செஞ்சதாத்தான் நம்பறாரு. மூணாவது மரையப் பத்தி எனக்கே வகுப்பு எடுக்கறாருங்ணா."

"கால் திருகு விட்டுருங்கறாரா?"

"விட்டுருங்கறாரு."

"அப்பச் சரி," என்றார் மகுடீஸ்வரன். "இப்ப ஆடுதா?"

"ஆடலீங்ணா."

மகுடீஸ்வரன் போட்ட மனு இன்னும் சங்கத்தில் இருக்கிறது. மூன்று நடுவர்கள் விசாரித்தார்கள். முதல் நடுவர், அவர் ஏமாற்ற நினைத்தார், ஆகவே அது பொய்தான், குறி இருக்கட்டும் என்று எழுதினார். இரண்டாமவர், அவர் சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை, உண்மையைச் சொன்னவனைத் தண்டிக்க எந்த விதியிலும் இடமில்லை, குறியை எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். மூன்றாமவர் இரண்டையும் படித்துவிட்டு உடம்பு சரியில்லை என்று விலகிக்கொண்டார். சொல்லும்போது அவர் கையில் பட்டை இருந்ததா என்று தெரியவில்லை. அதனால் பந்தயம் பார்க்கும் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, அதையே மூன்றாவது தீர்ப்பாக எடுத்துக்கொள்வதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது.

இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அன்று சாயந்தரம் ஸ்டூலில் உட்கார்ந்து மகுடீஸ்வரன் சொன்னது பொய்யா, பொய் இல்லையா? அந்த மனிதர் மறுபடி தன் வண்டிப் பக்கத்தில் போய் நிற்கலாமா, கூடாதா? படித்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். உங்களுக்குப் பட்டதைக் கீழே எழுதுங்கள். ஒரு வரி போதும். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று இன்னொரு வரியும் சேர்த்தால், எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து மனுவோடு இணைத்து அனுப்பிவிடலாம்.